நிறம்: இல்லை

யாங்கூனில் தாக்கேத்தா.
தமிழ்க் காதில் விழுந்தால்
தாகம் என்று கேட்கும் பெயர்.
அங்கே முப்பத்தொரு அடிகுழாய்க்கு
முப்பத்தொரு பாட்டிலோடு போனேன்.

முதல் ஐந்து நிமிடம் சும்மா அடிக்க வேண்டும்.
குழாயில் தங்கிய பழைய நீர் போன பிறகு
அடியிலிருந்து வருவதுதான் கணக்கு.
சுற்றி நிற்கும் பிள்ளைகள்
"அக்கா வீணாக்குது" என்று கத்துவார்கள்.
எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் உண்டு,
மணத்துக்கு உண்டு, சுவைக்கு இல்லை.
வாயில் வைக்கக் கூடாது, அது ஆய்வகத்தின் சட்டம்.
வீடுகளுக்கு வேறு சட்டம்:
வெயிலில் வந்தவளுக்கு முதலில் தண்ணீர்.
இப்போதுதான் குடித்தேன். தொண்டை சரியில்லை. விரதம்.
ஒரே பகலில் நாலு வீட்டில் விரதமிருந்தேன்.
ஐந்தாம் வீட்டில்
நாலாம் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள்.

பதினேழாம் எண், டோ தான் நுவே வீட்டுக் குழாய்.
வாளியின் அடியில் செங்கல் கறை.
அரிசி ஊறப்போட்டால் அரிசி சிவக்கும்,
சட்டை துவைத்தால்
பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்புவார்கள்.
நிறம்: சிவப்பு. மணம்: பழைய ஆணி.

பதினெட்டு, பஞ்சவர்ணத்தம்மாள் வீடு.
விடியலில் பேருந்து நிறுத்தத்தில்
மொஹிங்கா விற்பவர்.
தெருவே குடத்தோடு வரும் குழாய் அது.
கண்ணாடி டம்ளரில் தந்தார்.
நீருக்குப் பின்னால் அவர் விரல்ரேகை தெரிந்தது.
ஏனோ அன்று பொய் எதுவும் வாய்க்கு வரவில்லை.
குடித்தேன். லேசான இனிப்போடு இறங்கியது.
டம்ளரை வாங்கிய உள்ளங்கையில்
கம்பு மணி மணியாய்க் காய்ப்புகள்.
கரண்டி பிடித்த கை என்று நினைத்துக்கொண்டேன்.
நிறம்: இல்லை. மணம்: இல்லை.

ஒன்பது நாளில் தாள் வந்தது.
பதினேழில் இரும்பு, கெடுதலாய் வேறொன்றுமில்லை.
பதினெட்டில் ஆர்செனிக்.
பத்தைத் தாண்டக் கூடாத எண்
எண்பத்து நான்கு.
நம்பாமல் மறுபடி எடுத்தோம். எண்பத்தொன்று.

சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு
ஒரு வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று
எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"கொதிக்க வைச்சுத்தானே எல்லாம் செய்யறேன்?"

கொதித்தால் கிருமி சாகும் அம்மா.
இதற்கு உயிர் இல்லை, சாவதற்கு.
தண்ணீர்தான் ஆவியாய்ப் போகும்.
இது பானையிலேயே தங்கி
இன்னும் கொஞ்சம் கெட்டிப்படும்.

அவர் எதையோ எண்ணத் தொடங்கினார்.
பத்தொன்பது வருடம்,
காலைக்கு எழுபது கிண்ணம்.
நடுவில் விட்டுவிட்டு வேறு கேட்டார்.
குளிக்கலாமா? குளிக்கலாம்.
பாத்திரம் கழுவ? கழுவலாம்.
கோழிக்கு?
என் படிவத்தில் கோழி இல்லை.

குடிக்க?

வேலிக்கு அந்தப் பக்கம் கைகாட்டினேன்.
மணலில் வடித்துக் கொதிக்க வைத்தால் போதும்.
"அதுவா? அதுல நான் காலே கழுவினதில்ல!"
வேலிக்கு அப்பால் டோ தான் நுவே
துணி உதறுவதை நிறுத்திவிட்டு
எங்களையே பார்த்தார்.

மருத்துவமனைச் சீட்டை
அந்த உள்ளங்கையில்தான் வைத்தேன்.
அவர் சீட்டைப் படித்தார்.
நான் கையைப் படித்தேன்.

"பிடியில பூசாதே, கையில ஒட்டும்.
மூக்குல மட்டும் பூசு" என்றார்.
பூசினேன்.

காயும்வரை காவல் நிற்க வேண்டும். நல்ல வெயில்.
உள்ளே போனவர் பழக்கத்தில்
டம்ளரோடு வந்தார்.
பாதி முற்றத்தில் நின்றார்.
நீட்டவும் முடியாமல்
செடியில் ஊற்றவும் மனமில்லாமல்
அப்படியே கையில் வைத்திருந்தார்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.